குனிந்த தலைக்கு வைத்தியம்

பிள்ளைகளா, ஒரு நோயாளியை நிமிர்ந்து உட்காரச் சொல்வதற்கு முன்னால் நீங்கள் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். இவள் இப்படியே நிமிர்ந்து வீட்டுக்குப் போனால் வீட்டில் என்ன சொல்வார்கள்? சிரிக்காதீர்கள். எனக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. பம்பாயில் படித்தபோது கழுத்தில் எத்தனை எலும்பு, எந்தத் தசை எதை இழுக்கும், எது சுருங்கினால் எது தளரும் என்று எல்லாவற்றையும் உருப்போட்டேன். கழுத்துக்கு மேலே ஒரு தலை இருக்கிறது, அந்தத் தலையை ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் பாடத்தில் இல்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி விருதுநகருக்கு வந்தேன். மிளகாய் வத்தல் மண்டிகளுக்குப் பின்னால் ஒரு தரும ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே சாமான் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்து எனக்குக் கொடுத்தார்கள். ஒரு மேசை, சூடு காட்ட ஒரு சிவப்பு விளக்கு, சுவரில் ஆளுயரக் கண்ணாடி. இவ்வளவுதான் என் ராஜாங்கம். மண்டியில் மூட்டையைப் பிரித்தால் போதும், என் அறையில் இருப்பவர்கள் எல்லோரும் தும்முவோம். கழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தவருக்குத் தும்மல் வந்தால் யாரைத் திட்டுவார் என்று நினைக்கிறீர்கள்? என்னைத்தான்.

பிசியோதெரபி என்றால் அப்போது அந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. என்னை 'உருவுற அம்மா' என்றார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவ்வளவு தூரம் போய்ப் படித்துவிட்டு வந்தவளை உருவுற அம்மா என்றால் எப்படி இருக்கும்? நானும் விடாமல் வருகிறவர்களிடமெல்லாம், "நான் உருவிவிட மாட்டேன், நீங்கதான் பயிற்சி செய்யணும்" என்பேன். "நாங்களே செய்யணும்னா ஒங்ககிட்ட எதுக்கும்மா வரணும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இன்றைக்கு உங்களிடமும் அதையேதான் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அப்படி இருந்த காலத்தில்தான் செல்லத்தாய் வந்தாள். ஊர் தாயில்பட்டி. இருபது வயது இருக்கலாம். கூட அவள் அம்மா வேலம்மாள். பெண் வாயைத் திறக்கவில்லை, அம்மா வாயை மூடவில்லை.

"சுளுக்கு எடுத்தாச்சு டாக்டரம்மா. உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தாச்சு. தைலம் தேச்சே எங்க தலகாணியெல்லாம் நாறிப்போச்சு. ராத்திரி தூங்க மாட்டேங்கா. தை மாசம் கல்யாணம் வச்சிருக்கோம். அதுக்குள்ள சரி பண்ணிக் குடுத்துருங்க. கழுத்தப் பிடிச்சுக்கிட்டு மணவறையில உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

அந்தப் பெண்ணை உட்காரவைத்துத் தொட்டுப் பார்த்தேன். பிடரியும் தோள் மேட்டுத் தசைகளும் கல்லாக இறுகியிருந்தன. மார்புத் தசைகள் சுருங்கித் தோளை முன்னுக்கு இழுத்திருந்தன. முதுகில் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே இருக்க வேண்டிய பலம் தளர்ந்துபோயிருந்தது. முன்னால் இருப்பது இழுக்கிறது, பின்னால் இருப்பது விட்டுக்கொடுக்கிறது, நடுவே பிடரி ஒற்றை ஆளாகத் தலையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. கை மரத்துப்போகிறதா, விரலில் சுருசுருவென்று இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். நரம்பு நசுங்கவில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. உங்களுக்கும் சொல்கிறேன், அந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்தக் கழுத்திலும் கை வைக்காதீர்கள்.

"என்ன வேலை பாக்குற?" என்று கேட்டேன்.

அவள் சொல்லவில்லை, செய்து காட்டினாள். தரையில் உட்கார்ந்து ஒரு காலை நீட்டினாள். இல்லாத நூலைக் கால் பெருவிரலில் மாட்டினாள். இரண்டு கைகளும் வேகமாகப் பின்ன ஆரம்பித்தன. மூக்கு கிட்டத்தட்ட முழங்காலைத் தொட்டது. சரவெடி பின்னுகிற வேலை. சின்னச் சின்ன வெடிகளின் திரிகளை நூலில் சேர்த்துப் பின்னிக்கொண்டே போக வேண்டும்.

"எம்புட்டு நேரம் இப்படி உக்காந்திருப்ப?"

"வெளிச்சம் இருக்க மட்டும்."

"நடுவுல தலையத் தூக்கிப் பாக்கவே மாட்டியா?"

அவளுக்கு முன்னால் வேலம்மாள் பதில் சொன்னாள். "எம் மக தலை நிமிந்து ஒருத்தர் பாத்திருக்க முடியாது டாக்டரம்மா! தரையப் பாத்துப் போவா, தரையப் பாத்து வருவா. அதப் பாத்துட்டுத்தான் திருத்தங்கல்காரக தேடி வந்து பொண்ணு கேட்டாக."

நோய் எதனால் வந்ததோ அதனால்தான் கல்யாணமும் வந்திருக்கிறது என்று அந்த அம்மா என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். நான் அதைக் காதில் வாங்காமல் சிவப்பு விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வைத்தியம் நன்றாகத்தான் நடந்தது. சூடு கொடுத்து இறுக்கத்தைத் தளர்த்தினேன். சுவரில் முதுகும் பிடரியும் படும்படி நிற்கச் சொன்னேன். மோவாயை மெதுவாக உள்ளே இழுத்து, உச்சந்தலையை மேலே யாரோ தூக்குவதுபோல நினைத்துக்கொள்ளச் சொன்னேன். தோள்பட்டைகளைப் பின்னுக்குச் சேர்த்து, விட்டு, மறுபடி சேர்க்கச் சொன்னேன். கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தியபோது தன் கழுத்து அவ்வளவு நீளம் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கூடவே, நூலைக் கால் விரலில் மாட்டாமல், நெஞ்சு உயரத்தில் ஓர் ஆணி அடித்து அதில் மாட்டிப் பின்னு என்று சொல்லி அனுப்பினேன். மறுவாரம் அவர்கள் போர்மேன் சொல்லியனுப்பிய பதிலை வேலம்மாள் அவரைப் போலவே நடித்துக் காட்டினாள்: "இரும்பு ஆணியா? வெடி மருந்து இருக்க எடத்துலயா? ஒங்க டாக்டரம்மா கம்பெனிய மொத்தமா வானத்துக்கு அனுப்பப் பாக்காகளா?" பெரிய படிப்பு படித்த எனக்கு அது தோன்றவே இல்லை. பிறகு அவரே வேப்பங்கட்டையில் ஆணிபோல ஒரு முளை செதுக்கிக் கம்பத்தில் கட்டிக் கொடுத்தார். நூல் மேலே வந்தது. கண் மேலே வந்தது. கண்ணுக்குப் பின்னால் தலையும் வந்தது. சில வாரங்களில் செல்லத்தாய் இரவில் தூங்க ஆரம்பித்தாள். நான் ஆஸ்பத்திரி முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அப்புறம் ஒரு நாள் காலையில், நான் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, வேலம்மாள் தனியாக வந்து நின்றாள். முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டே கத்தினாள்.

"நாங்க ஒங்களுக்கு என்ன பாவம் பண்ணுனோம் டாக்டரம்மா? கழுத்துவலிய எடுங்கன்னா கல்யாணத்தையே எடுத்துட்டீகளே!"

மண்டியில் மூட்டை பிரிக்காமலே எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உட்காரவைத்து மெதுவாகக் கேட்டேன். செல்லத்தாய் என்னிடம் வருவதற்காகச் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே நின்றிருக்கிறாள், காது தோளுக்கு நேரே, தோள் பின்னால், பார்வை எதிரே. அந்தப் பார்வைக்கு எதிரே வந்தவள் மாப்பிள்ளையின் அம்மா குருவம்மாள். செல்லத்தாய் கண்ணுக்குக் கண் பார்த்து, "வாங்க அத்தை" என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள். குருவம்மாள் பதில் பேசாமல் பஸ் ஏறிவிட்டாள். சாயங்காலமே ஆள் வந்துவிட்டது.

"குனிஞ்ச தலை நிமிராத பிள்ளைன்னுதான் கேட்டோம், இது பஸ் ஸ்டாண்டுல போலீஸ்காரன் கணக்கா நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்குது, யோசிச்சுச் சொல்லுதோம்னுட்டாக" என்றாள் வேலம்மாள். அந்தப் பக்கத்தில் சம்பந்தி வீட்டார் யோசித்துச் சொல்கிறோம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம்.

அடுத்த முறை செல்லத்தாய் வந்தாள். முதலில் வந்ததைவிட மோசமாகக் குனிந்திருந்தாள். பயிற்சியை விட்டுவிட்டாள். முளையில் மாட்டிய நூலை அவிழ்த்து மறுபடி கால் விரலில் மாட்டிக்கொண்டாள். அதே கம்பெனியில் மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரர்கள் வேலை பார்த்தார்கள், அவர்கள் கண்ணில் படவேண்டும் என்று வேண்டுமென்றே கூடுதலாகக் குனிந்திருக்கிறாள். தலை பின்னக் கையைத் தூக்க முடியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போனால் சரம் பின்னவும் முடியாது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்த மாப்பிள்ளை இல்லாட்டா வேற மாப்பிள்ளையே இல்லையா உலகத்துல?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள். "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு வலி தாங்காம எங் கையில காப்பித் தட்டு சரிஞ்சுபோச்சு டாக்டரம்மா. அம்புட்டுப் பேரும் ஐயோன்னாக. மாப்பிள்ளையா வந்தவுக மட்டும் எந்திரிச்சு வந்து தட்டக் கையில வாங்கிக்கிட்டாக. எனக்கு அந்த வீடுதான் வேணும். கழுத்து வலிச்சா வலிச்சுட்டுப் போகுது."

நிமிர்ந்தால் கல்யாணம் போகும். குனிந்தால் கழுத்து போகும், கழுத்தோடு கை போகும், கையோடு வேலை போகும். உங்கள் புத்தகத்தில் இதற்குப் பயிற்சி இருந்தால் எனக்கு எழுதிப் போடுங்கள்.

எங்கள் பெரிய டாக்டரிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். அறுவைச் சிகிச்சையில் பேர் வாங்கிய மனிதர். நாள் முழுக்கக் குனிந்து வேலை பார்த்து அவர் கழுத்தே என் கண்ணுக்குப் பெரிய கேஸ், ஆனால் என் பயிற்சி ஒன்றைக்கூடச் செய்ததில்லை. வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே கேட்டார். "அந்தப் பெண் ஒரு நாளில் உங்கள் அறையில் எவ்வளவு நேரம் இருப்பாள்?"

"அரை மணி நேரம் இருப்பாள்."

"மிச்ச நேரம் முழுக்க அவள் தெருவில் இருக்கிறாள் அம்மா. நீங்கள் அந்த அரை மணிக்கு வைத்தியம் செய்கிறீர்களா, மிச்சத்துக்கா?"

எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. ஆனால் மறுநாள் திருத்தங்கல் பஸ்ஸில் ஏறினேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், சண்டை போடத்தான் போனேன். வழியெல்லாம் வசனம் யோசித்து வைத்திருந்தேன். வீடு எது என்று விசாரித்துக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தபோது குடிதண்ணீர் எடுத்துக்கொண்டு பெண்கள் வரிசையாக வந்தார்கள். கிணறு ஊருக்கு வெளியே. முன்னால் வந்தவள் தலையில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குடம், இடுப்பில் ஒரு குடம். கழுத்து ஒரு இம்மி அசையவில்லை. மோவாய் உள்ளே, தோள் பின்னால், பார்வை நேர் எதிரே. நான் பம்பாயில் படம் போட்டுப் படித்த அந்த நிலை, அப்படியே எதிரில் நடந்து வந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் யாரும் 'இவள் என்ன நிமிர்ந்து நடக்கிறாள்' என்று சொல்லவில்லை. வழிதான் விட்டார்கள்.

"குருவம்மாள் வீடு எது?" என்று அவளிடமே கேட்டேன்.

"நாந்தான் குருவம்மா. நீங்க ஆரு?" என்றாள். விருதுநகர் ஆஸ்பத்திரி என்றேன். "ஓ, அந்த உருவுற அம்மாவா?" என்றாள். குடங்களை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "வாங்க, உக்காருங்க. மோர் குடிக்கீகளா? குடிச்சுப்போட்டுச் சொல்லுங்க, எதுக்கு எங்க பிள்ளைய அப்படி விறைப்பா நிக்கச் சொல்லிக் குடுத்தீக?"

யோசித்து வைத்திருந்த வசனம் அத்தனையும் எனக்கு மறந்துபோயிற்று. ஈரம் சொட்டும் அந்தக் குடங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒங்க மருமக இப்படித் தண்ணி தூக்க வேண்டாமா?" என்று கேட்டேன்.

"வேணாமா பின்னே? இங்கன என்ன வாசல்லயா ஆறு ஓடுது?"

"அவளுக்குத் தூக்கத் தெரியாது. சின்ன வயசுல இருந்து கம்பெனிக்குப் போற பிள்ளை. தண்ணியெல்லாம் அவுங்க அம்மாதான் எடுக்காங்க. குனிஞ்ச கழுத்துல குடம் நிக்குமா? நீங்களே சொல்லுங்க."

குருவம்மாள் யோசித்தாள். "நிக்காது. எப்படி நிக்கும்? சரிஞ்சு பின்னாடி வாரவ தலையில விழும்."

"அப்ப நான் அவளுக்குக் குடம் தூக்கப் பழக்கட்டுமா?"

"அதத்தான் இம்புட்டு நாளும் பண்ணுனீகளா? மொதல்லயே சொல்லப்படாதா!" என்றாள். முகம் மலர்ந்துவிட்டது. "சரி, பழக்குங்க. நான் வந்து பாக்கேன். குடம் நின்னா கல்யாணம் நடக்கும். நீங்கதான் அதுக்கு ஜாமீன்."

அதைத்தான் இவ்வளவு நாளும் செய்தேன் என்று நான் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மோரைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன். பஸ்ஸில் ஒற்றை ஆளாகச் சிரித்துக்கொண்டு வந்ததைப் பார்த்து கண்டக்டர் இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

உடனே போய்க் குடத்தைத் தூக்கித் தலையில் வைத்துவிடவில்லை, பதறாதீர்கள். வலி இருக்கிற கழுத்தில் பாரம் ஏற்றுவது மடத்தனம். முதலில் சூடு, பழைய பயிற்சிகள், வலி தணியும்வரை. பிறகு துணியைச் சுருட்டிய சும்மாடு மட்டும் தலையில். அது விழாமல் அறைக்குள் நடக்க வேண்டும். அதற்கப்புறம் ஒரு சின்னச் செம்பு. அதன் பிறகுதான் காலிக் குடம். கையில் சுருசுருப்பு வந்தால் அந்தக் கணமே இறக்கிவிட வேண்டும் என்று அம்மாவிடமும் மகளிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டேன். குடம் என்ன செய்கிறது என்றால், நான் வாய் ஓயாமல் 'மோவாயை உள்ளே இழு, மோவாயை உள்ளே இழு' என்று கத்திக்கொண்டிருந்ததைத் தானே செய்துவிடுகிறது. தலை முன்னால் போனால் குடம் கீழே போகும். அதைவிட நல்ல வாத்தியார் யார்?

விழாமலும் இல்லை. ஒரு நாள் செம்பு உருண்டு போய்ப் பெரிய டாக்டர் காலடியில் நின்றது. அதை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு அவர் பாட்டுக்கு வார்டுக்குள் நடந்துபோனார். அன்றைக்கு நோயாளிகள் எல்லோருக்கும் பாதி நோய் குறைந்திருக்கும். கம்பெனியிலும் நூல் மறுபடி முளைக்கு ஏறியது. யாராவது கேட்டால், "எங்க அத்தை குடம் தூக்கப் பழகச் சொல்லியிருக்காக" என்று செல்லத்தாய் சொல்வாள். அதற்கு யார் குறை சொல்ல முடியும்? தெருவில் நிமிர்ந்து நடக்கவும் அவளுக்கு இப்போது காரணம் இருந்தது. தலையில் எப்போதும் ஏதாவது ஒன்று இருந்தது.

தீபாவளி லோடுகள் எல்லாம் போய்ச் சீசன் ஓய்ந்த பிறகு ஒரு நாள் குருவம்மாள் நேரே என் அறைக்கு வந்து நின்றாள். "கெளம்புங்க. தாயில்பட்டிக்குப் போறோம். சொல்லாமப் போனாத்தான் நெசம் தெரியும்."

நாங்கள் போனபோது செல்லத்தாய் கிணற்றுக்குப் போயிருந்தாள். வேலம்மாள் முந்தானையால் திண்ணையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். எங்களைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக்காரிகள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். தெருக்கோடியில் அவள் வந்தாள். தலையில் பாதித் தண்ணீரோடு குடம். கழுத்து நேராக, நடை அளவாக. குருவம்மாளைக் கண்டதும் அவள் முகம் வெளிறியது எனக்குத் தெரிந்தது. ஆனால் குனிய முடியாது, தலையில் குடம். கண்ணுக்குக் கண் பார்த்தபடியேதான் நடந்து வந்தாக வேண்டும்.

குருவம்மாள் எதிரே போய், தண்ணீரோடு வருகிறவர்களுக்கு எல்லோரும் செய்வதுபோல இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்து இறக்கிவிட்டாள். குடம் இறங்கியதுதான் தாமதம், செல்லத்தாயின் தலை சடாரென்று குனிந்தது. அவ்வளவு வேகமாகக் குனிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு "ஸ்ஸ்" என்றாள்.

குருவம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் மோவாயில் கை கொடுத்து முகத்தைத் தூக்கினாள். கண்ணில் நீர்.

"என்ன பிள்ளை? தண்ணி தூக்குனது வலிக்குதா?"

"இல்ல அத்தை. குனிஞ்சாத்தான் வலிக்குது."

"பெறகு ஏன் குனியுற?"

செல்லத்தாயின் கண் மட்டும் தரைக்குப் போயிற்று. தெருவே குருவம்மாளைப் பார்த்தது.

"எனக்காகவா?" என்றாள் குருவம்மாள்.

செல்லத்தாய் லேசாகத் தலையை ஆட்டினாள்.

குருவம்மாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். அவள் கோபப்படப் போகிறாள், நம் ஜாமீன் போயிற்று என்றுதான் நினைத்தேன். அவள் அந்தப் பெண்ணின் கன்னத்தில் செல்லமாக ஓர் அடி போட்டாள். "கிறுக்குச் சிறுக்கி! வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா? பெரிய மரியாதை தெரிஞ்சவ, வலிய வச்சுக்கிட்டுக் குனியுறா! ஒன்னய நோகடிச்சு எனக்கு என்ன மரியாதை வேண்டிக்கெடக்கு?" என்றாள். பிறகு வேலம்மாளைப் பார்த்து, "என்ன பாத்துக்கிட்டு நிக்கீக சம்பந்தி? காப்பி போடுங்க" என்றாள். சம்பந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் வேலம்மாள் அடுப்படிக்கு ஓடினாள். நான் அங்கேயே நின்று அழுதேன், வெட்கமென்ன இதில்.

இதில் உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். நோயாளி நாம் சொன்னதைச் செய்யவில்லை என்றால் சோம்பேறி என்று எழுதி வைத்துவிடாதீர்கள். நிமிர்வதற்கு அவளுக்கு என்ன விலை ஆகிறது என்று பாருங்கள். அந்த ஊர் எதை மரியாதையாக ஏற்றுக்கொள்கிறதோ அதற்குள்ளேயே உங்கள் பயிற்சிக்கு ஓர் இடம் இருக்கும், தேடுங்கள். தேடக் கொஞ்சம் பஸ் ஏற வேண்டியிருக்கும்.

தை மாதம் தாயில்பட்டியில் கல்யாணம். என்னை முன் வரிசையில் உட்காரவைத்தார்கள். அப்போதுதான் மாப்பிள்ளையை முதன்முதலாகப் பார்த்தேன். முத்துராசு, அச்சாபீசில் மிஷின்மேன். பனை உயரம், பேச்சே கிடையாது. மணவறையில் உட்கார்ந்தும் அவன் தலை மற்றவர்களுக்கு மேலே தெரிந்தது. தாலியைத் தட்டில் வைத்துச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அவன் கையில் எடுத்தான். உடனே பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே குரலில், "குனி பிள்ளை, தலையக் குனி, குனிஞ்சு வாங்கிக்கோ" என்றார்கள். எல்லாக் கல்யாணத்திலும் சொல்வதுதான். செல்லத்தாய் கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் தலையை இறக்க ஆரம்பித்தாள். என் கை தன்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டது.

"ஏலே முத்துராசு!"

நாயனம் நின்றுபோகிற மாதிரி ஒரு சத்தம். குருவம்மாள்தான். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணவறைக்கே வந்துவிட்டாள்.

"நீ எந்திரிச்சு நின்னு குனிஞ்சு கட்டுலே! ஒனக்கு என்ன கழுத்துவலியா? அவ கழுத்த நிமித்த நாங்க எம்புட்டுப் பாடுபட்டிருக்கோம்!"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. முத்துராசு முகமெல்லாம் சிவக்க எழுந்து நின்று, அந்த நீள உடம்பை இரண்டாக மடித்துக் குனிந்தான். நாயனக்காரருக்குச் சிரிப்பில் மூச்சு வரவில்லை. தவில் மட்டும் தனியாக முழங்கியது. செல்லத்தாய் கண்ணைத் திறந்து, மாமியாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தாலி வாங்கிக்கொண்டாள்.